டர்க் தெருவில் ஒரு நடன மாலைக்குப் போகும் முன்

கேள்வி இது: "சான் ஹோசேயில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்பவர் ஒருவர், சான் பிரான்சிஸ்கோவின் டென்டர்லாய்ன் பகுதியில் கவுன்டர்பல்ஸ் என்ற சின்ன அரங்கில் குயர் (தன்பால் விரும்புவோர் முதலான பாலினச் சிறுபான்மையினர்), திருநர் கலைஞர்கள் ஆடும் நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த நடனமெல்லாம் சொந்தக்காரப் பிள்ளைகளின் அரங்கேற்றங்கள்தான். இது நடனமா, போராட்டமா? நல்ல கலைஞர்கள் என்றால் ஏன் பெரிய அரங்கில் ஆடாமல் இப்படி ஓர் இடத்தில் ஆடுகிறார்கள்? போனால் எனக்கு ஏதாவது புரியுமா?"

போங்கள். கட்டாயம் போங்கள். இத்தோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் "ஏன் இப்படி ஓர் இடத்தில்" என்று கேட்டிருக்கிறீர்களே, அதை அப்படியே விட மனசு வரவில்லை. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. நான் சின்ன வயதில் ஏழு வருடம் பரதம் படித்துவிட்டு நிறுத்தியவன். பிறகு பல வருடங்களாக இந்த ஊரின் சின்ன அரங்குகளில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து வருகிறவன். அந்த அளவுக்குத்தான் என் தகுதி.

முதலில் தெருவைப் பற்றி. பவல் ஸ்ட்ரீட் பார்ட் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் சில நிமிட நடையில் 80, டர்க் தெரு. சாலையோரம் கூடாரங்களும், போதை மருந்தின் மயக்கத்தில் நிற்பவர்களும் இருப்பார்கள்; முதல் தடவை போகிறவர்களுக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். அரங்கம் இருக்கும் கட்டடமே ஒரு காலத்தில் ஆபாசப் படம் ஓட்டிய கொட்டகை. அதைத் தாண்டி மேற்கே நடந்தால் வரும் முதல் முனையில் டர்க் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கின்றன. 1960களில் அந்த முனையில் காம்ப்டன்ஸ் கேஃபடீரியா என்று ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஓர் உணவகம் இருந்தது. வேறெங்கும் உட்கார விடாத திருநங்கைகள், ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு விடியும் வரை அங்கே இருப்பார்கள். 1966 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, போலீஸ்காரர் ஒருவர் ஒரு திருநங்கையின் கையைப் பிடித்து இழுக்க, அவர் தன் காபியை அந்த ஆளின் முகத்தில் வீசினார். அப்புறம் சர்க்கரை டப்பாக்கள் பறந்தன, கடையின் கண்ணாடிகள் உடைந்தன, சண்டை தெருவுக்கு வந்தது. போலீஸை எதிர்த்துக் குயர் மக்கள் செய்த, உலகம் முழுக்கப் பேசப்படும் நியூயார்க் ஸ்டோன்வால் கலகத்துக்கு மூன்று வருடம் முந்தியது இது.

இதில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. அந்த ராத்திரி எந்தத் தேதி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பத்திரிகைகள் எழுதவில்லை. 1972 ஊர்வலம் ஒன்றின் நிகழ்ச்சி மலரில் இருந்த சிறு குறிப்பை வைத்துத்தான் சூசன் ஸ்ட்ரைக்கர் என்ற வரலாற்றாளர் பல வருடம் கழித்து அந்தச் சம்பவத்தைத் தோண்டி எடுத்தார். அதுபற்றி அவர் விக்டர் சில்வர்மனோடு சேர்ந்து எடுத்த ஆவணப்படம் வந்தது 2005-ல். ஒரு சமூகத்தின் முக்கியமான ராத்திரி, நாற்பது வருடம் தொலைந்து கிடந்திருக்கிறது. நீங்கள் பார்க்கப்போகும் நடனத்தில் பழைய கடிதம், டைரி, பதிவு செய்த குரல் என்று ஏதோ ஒன்று வந்துகொண்டே இருக்கும். "நடனத்தில் எதற்கு இவ்வளவு பேச்சு" என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன் பாலுக்கு உரியதல்லாத உடையோடு பொதுவில் வருவது குற்றம் என்று சான் பிரான்சிஸ்கோ நகரம் 1863-ல் சட்டம் போட்டது. அது நீக்கப்பட்டது 1974-ல். நூற்றுப் பதினோரு வருடம்! இதே ஊரில், இதே காலத்தில், பிராட்வே தெருவில் ஃபினோக்கியோஸ் என்ற கேளிக்கை விடுதியில் ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடிப் பாடுவதைச் சுற்றுலாப் பயணிகள் பேருந்தில் வந்து பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். 1936-லிருந்து 1999 வரை அந்த விடுதி அங்கே நடந்தது. அதே ஜிகினா உடுப்போடு வெளியே வந்து தெருவில் நின்றால் போலீஸ் வண்டி. மேடையில் இருக்கும்வரை வேடிக்கை, இறங்கினால் வழக்கு.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. மெலட்டூர் பாகவத மேளத்தில் பெண் பாத்திரம் அத்தனையும் ஆண்கள்தான். தெருக்கூத்தில் திரௌபதிக்கு ஆண்தான் கட்டுவார். குச்சிப்புடியில் வேதாந்தம் சத்யநாராயண சர்மா சத்யபாமாவாக வந்தால் பெண்களே அவரைப் பார்த்து நளினம் கற்றுக்கொள்ளலாம் என்பார்கள். "எங்களிடம் இல்லாததா" என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் ஒப்பனையைக் கலைத்துவிட்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய்விடலாம் என்பது ஏற்பாடு. ஊரும் அந்த ஏற்பாட்டை நம்பித்தான் ரசிக்கிறது. திருநர் ஒருவருக்கு மேடைதான் சுலபம். ஒப்பனையைக் கலைத்த பிறகுதான் சிக்கலே. அதனால் இவர்கள் ஆடுவதை வேஷம் என்ற சொல்லால் அளந்தால் அளவு தப்பிவிடும். அந்தச் சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனால் நல்லது.

சரி, இடத்துக்கு வருகிறேன். கவுன்டர்பல்ஸின் தொடக்கம் டிவிசடேரோ தெருவில், 848-ஆம் எண் வீட்டில். 1991-ல் கீத் ஹென்னசி என்ற நடனக்காரரும் நண்பர்களும் சேர்ந்து அந்த இடத்தை '848 கம்யூனிட்டி ஸ்பேஸ்' என்று நடத்த ஆரம்பித்தார்கள். பெயரில் வீட்டு எண்ணும் சமூகமும்தான் இருக்கின்றன, கவனித்தீர்களா? வருடத்தையும் கவனியுங்கள். எய்ட்ஸ் இந்த ஊரைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. மருந்துக் கலவை வந்து சாவுகள் குறையத் தொடங்கியதே 1996 வாக்கில்தான். வாரா வாரம் யாரோ ஒருவருக்கு அஞ்சலி. அப்போது ஒரு நடன அரங்கம் என்பது ஒத்திகைக்கூடம், கூட்டம் போடும் இடம், அழுவதற்கான இடம், சில சமயம் வெறுமனே யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ளும் இடம். தொடுவதற்கே ஊர் பயந்த காலத்தில் ஒருவர் மேல் ஒருவர் எடையைச் சாய்த்து ஆடும் ஆட்டம் அங்கே வளர்ந்தது என்பது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு 2005-ல் மிஷன் தெருவுக்குப் போய், பெயர் மாறி, கவுன்டர்பல்ஸ் ஆனது. அடுத்து வந்த பூதம் வாடகை. உங்களையும் என்னையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்த அதே தொழில்நுட்பப் பணம்தான், ஒளித்துப் பயனில்லை. ட்விட்டர் நிறுவனம் 2012-ல் மார்க்கெட் தெருவுக்கு வந்ததும் சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை எகிறியது. நடன அரங்குகள் ஒன்றொன்றாகக் காலி செய்யும் நிலை. அப்போது 2013-ல் கலை அமைப்புகளுக்காகக் கட்டடம் வாங்கிக் கொடுக்கவென்றே ஓர் அறக்கட்டளை உருவானது. ரெய்னின் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் விதைப்பணம் போட்டது. அந்தப் புது அறக்கட்டளை டர்க் தெருக் கட்டடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்கள் பணம் திரட்டும்வரை குத்தகைக்கு இருங்கள், பிறகு உங்களுக்கே விற்றுவிடுகிறோம்" என்றது. கவுன்டர்பல்ஸ் 2016-ல் அங்கே குடிபோனது. 2023-ல் கட்டடம் அவர்களுக்கே சொந்தமானது. ஒரு நடனக் குழுக்கூடம் தான் ஆடும் தரைக்குத் தானே பத்திரம் வைத்திருப்பது இந்த ஊரில் சாதாரண விஷயமில்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வாடகை மண்டபத்தில் என்ன ஆடலாம் என்பதை மண்டபக்காரர் முடிவு செய்வார். நாமே பார்த்ததுதான். சதிர் என்று இருந்த ஆட்டம், 1930களில் பரதநாட்டியம் ஆகிச் சபா மேடைக்கு ஏறியது. மேடைக்கு ஏறியபோது எதைக் குறைக்க வேண்டும், எந்தப் பதம் கூடாது, எவ்வளவு சிருங்காரம் தாங்கும் என்பதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் மரியாதையைப் பார்த்து முடிவானது. ஆடிவந்த குடும்பத்துப் பெண்கள் பலருக்கு அந்த மேடையில் இடமே இல்லாமல் போனது. ஆட்டம் பிழைத்தது, ஆடியவர்கள் வெளியே நின்றார்கள். டர்க் தெருவில் இருப்பவர்கள் இந்தக் கதையைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதில் அவர்கள் காட்டும் பிடிவாதத்தைப் பார்க்கும்போது எனக்கு நம் கதைதான் ஞாபகம் வருகிறது.

இதற்காகப் பெரிய மேடையே ஏறுவதில்லை என்று நினைக்க வேண்டாம். ஷான் டோர்சி என்று ஒருவர் இருக்கிறார். கனடாவிலிருந்து வந்தவர், திருநர், அமெரிக்காவின் நவீன நடனத்தில் திருநர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றி ஆடிய முன்னோடிகளில் ஒருவர். 2002-ல் ஃப்ரெஷ் மீட் என்ற அமைப்பைத் தொடங்கினார். பல வருடங்களாக அதன் ஜூன் மாத விழா ஃப்ளோரிடா தெருவில் இருக்கும் ஸீ ஸ்பேஸ் அரங்கில் நடக்கிறது. அது தகர டப்பா செய்த பழைய தொழிற்சாலை. 1971-ல் கலைஞர்கள் கூட்டாகப் பிடித்து வீடும் பட்டறையுமாக மாற்றிக்கொண்டது. அந்த விழாவில் ஒரே மாலையில் ஹவாய்த் தீவுகளின் ஹூலா, ஜப்பானிய முரசு, ஆண்-ஆண் ஜோடியின் பால்ரூம் நடனம், வோகிங் என்று கலந்து கட்டி வரும். கல்யாண விருந்து இலை மாதிரி. எல்லாமும் எல்லோருக்கும் பிடிக்காது, ஆனால் யாரும் பசியோடு எழுந்துபோவதில்லை.

டோர்சியின் வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் தன் குருவைத் தேடிக் கண்டுபிடித்த விதம். நம் நடனத்தில் ஒருவரைப் பற்றி முதலில் கேட்பது "யாரிடம் படித்தார்?" என்பதுதான். பந்தநல்லூர் பாணியா, வழுவூர் பாணியா? அதில் பாதி ஆள் தெரிந்துவிடும். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், 2019-ல் பத்மஸ்ரீ வாங்கிய முதல் திருநங்கை, தன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தஞ்சை கே. பி. கிட்டப்பா பிள்ளையைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. பரத உருப்படிகளை அமைத்த தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களின் மரபில் வந்த ஒரு பெரியவர் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே விட்டார், நால்வரின் உருப்படிகள் அந்தக் கதவு வழியாக அவரிடம் வந்தன. சான் பிரான்சிஸ்கோவில் அப்படித் திறந்துவிட வேண்டிய தலைமுறை செத்துப்போயிருந்தது. இந்த ஒரே ஊரில் எய்ட்ஸில் இறந்தவர்கள் சுமார் 20,000 பேர். அதில் எத்தனை பேர் நடனக்காரர்கள், எத்தனை பேர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள் என்று நினைத்தால் தலை சுற்றும்.

அதனால் டோர்சி ஆவணக் காப்பகத்துக்குப் போனார். லூ சல்லிவன் என்று ஒரு திருநம்பி, 1951-ல் பிறந்தவர், சின்னப் பிள்ளையாக இருந்தபோதே டைரி எழுதத் தொடங்கி, சாகும்வரை நிறுத்தாதவர். அவருக்குப் பிடித்தது ஆண்களை. "ஆணாக மாறி ஆணையே விரும்புவதென்றால் உனக்கு எதற்குச் சிகிச்சை" என்று மருத்துவ உலகம் வருடக்கணக்காகத் திருப்பி அனுப்பியது. அவர் விடவில்லை. ஒருவழியாக அறுவை சிகிச்சையும் முடிந்த நேரத்தில்தான் எய்ட்ஸ் என்று தெரிந்தது. 1991-ல் 39 வயதில் இறந்தார். டைரிகள் சான் பிரான்சிஸ்கோவின் ஜிஎல்பிடி (தன்பால் விரும்புவோர், திருநர் முதலானோரின்) வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். டோர்சி அந்த டைரிகளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து 2009-ல் ஒரு நடனம் செய்தார். 2015-ல் செய்த இன்னொன்றுக்கு, அந்தப் பெருஞ்சாவில் தப்பிப் பிழைத்தவர்களிடம் பேட்டி எடுத்து, அவர்களின் குரலையே பின்னணியாக வைத்தார். பாட்டுக்கு அபிநயம் பிடிப்பதுபோல, ஒரு கிழவரின் இருமலுக்கும் தயக்கத்துக்கும் உடம்பு பதில் சொல்கிறது. நட்டுவாங்கம் செய்ய ஆள் இல்லாத இடத்தில் ஒலிப்பதிவு உட்கார்ந்திருக்கிறது.

எட் மாக் என்ற கறுப்பின நடன ஆசிரியர் 1986-ல் எய்ட்ஸில் இறந்தார். ஊரில் பாதி நடனக்காரர்கள் அவரிடமோ அவர் மாணவர்களிடமோ படித்தவர்கள். ஆனாலும் இளைய தலைமுறைக்கு அவர் பெயர் தெரியாமல் போனது. அமாரா டேபர்-ஸ்மித், அவரிடம் படித்தவர், 2013-ல் அவருக்காக ஒரு நடனம் செய்தார். அரங்கத்தில் வைத்து ஆடவில்லை. அவர் நடமாடிய தெருக்களிலேயே பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு இடம் இடமாக ஆடிக்கொண்டே போனார்கள். திதி கொடுப்பது மாதிரி என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும்.

இன்னொரு சங்கதி, எனக்கு மிகவும் நெருக்கமானது. ஜோ கூட் என்பவர் 1987-ல் ஒரு தனி நடனம் செய்தார். ஆண் ஒருவன் செய்தால் "பொம்பளைத்தனம்" என்று உலகம் சிரிக்கும் சைகைகள் 29. மணிக்கட்டைத் தளர விடுவது, இடுப்பில் கை வைப்பது என்ற ரகம். அவற்றை வரிசையாக, ஒரு அகராதி மாதிரி, கூச்சமே இல்லாமல் செய்து காட்டுகிறார். அபிநய தர்ப்பணத்தில் ஒற்றைக்கை முத்திரைகள் 28 என்று மனப்பாடம் செய்தவன் நான். இந்த ஆள் அதற்கு மேலே ஒன்று போட்டுவிட்டாரே என்று முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் நான் பரதம் விட்டதே, பதினாலு வயதில் என் ஆசிரியை எல்லோர் முன்னாலும் "கையைக் கொஞ்சம் ஆம்பிளையா வை" என்று சொன்ன ஒரு மாலையில்தான். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அன்று நான் சரிசெய்யச் சொல்லப்பட்ட அந்தக் கை, மேடையில் விளக்கு வெளிச்சத்தில், பெயர் சொல்லாத முப்பதாவது முத்திரையாக எனக்கு மட்டும் தெரிந்தது. அந்த நடனத்தை ஜோ கூட் பிற்பாடு ஓர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது ஏனோ நிம்மதியாக இருந்தது. ஒரு உருப்படி கைமாறிவிட்டது.

இது நடனமா போராட்டமா என்றீர்கள். உடம்பின் நடைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். பாலேயிலும் பல நவீன நடனங்களிலும் ஆண் தூக்குவார், பெண் தூக்கப்படுவார். தேர்வுக்குப் போனால் ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம். ஒப்பனை அறை இரண்டு. திருநம்பி ஒருவர் இதில் எந்த வரிசையில் நிற்பார்? மார்பை இறுக்கிக் கட்டும் உள்ளுடுப்போடு ஆடினால் மூச்சு முழுசாக உள்ளே போகாது. ஒரு நீளமான பகுதி ஆடி முடிப்பதற்குள் கண் இருட்டும். மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டால் வாரக்கணக்கில் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. நடனக்காரருக்கு இது ஒரு பருவம் முழுக்கப் போன கணக்கு. ஹார்மோன் எடுத்தால் தசை மாறும், எடை நிற்கும் இடம் மாறும், பழகிய சுழற்சி திடீரென்று வழுக்கும். மேடையில் பேசிக்கொண்டே ஆடுகிறவர் என்றால் குரலும் பாதி நிகழ்ச்சிக் காலத்தில் உடையும். பெரிய குழுக்களில் இதற்கெல்லாம் ஏற்பாடு கிடையாது. யாரும் விரட்ட வேண்டியதில்லை, அறைக் கதவில் ஒட்டியிருக்கும் பலகையே போதும். யார் யாரைத் தூக்குவது என்பதை ஒத்திகையில் ஆளுக்கு ஆள் பேசி முடிவு செய்யும் இடத்தில், நடனத்தின் இலக்கணமே கொஞ்சம் மாறிவிடுகிறது. குள்ளமானவர் உயரமானவரைத் தூக்குவார். தூக்க முடியாமல் இருவரும் சேர்ந்து சரிவார்கள், அந்தச் சரிவே அடுத்த அடவாக ஆகும். இதைப் போராட்டம் என்றால் போராட்டம். எனக்கு நுட்பமாகத்தான் படுகிறது.

வோகிங் வந்தால் ஒரு சின்ன முன்குறிப்பு. நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின, லத்தீனோ குயர் மக்கள் வளர்த்தெடுத்த ஆட்டம் அது. வெள்ளையர் நடுவர்கள் நடத்திய அழகுப் போட்டிகளில் ஏமாற்றப்பட்டுச் சலித்துப்போய், கிறிஸ்டல் லபேஜா போன்றவர்கள் தனியாகப் போட்டிகள் நடத்தினார்கள். 'ஹவுஸ்' என்று குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தார்கள். வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே ஓர் அம்மா கிடைத்தார். நம் ஊர்த் திருநங்கைகளின் ஜமாத்தில் அம்மா, மகள், பேத்தி என்று உறவு கட்டிக்கொள்வதைத் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. இன்று அதிகம் ஆடப்படும் பாணியில் கை வேலை, நடை, குந்தி நடப்பது, தரையில் ஆடுவது, சுழன்று மல்லாந்து விழுவது என்று ஐந்து கூறுகள். அந்தக் குந்து நடையைப் பார்க்கும்போது முழுமண்டியில் குதித்துப் பழகியவர்களின் முட்டி தானாக வலிக்கும். விழும்போது அரங்கம் மொத்தமும் ஒரே குரலில் கத்தும். நீங்களும் கத்தலாம், பரவாயில்லை.

இனி கசப்பான பகுதி. அன்று மாலை நீங்கள் பார்ப்பதில் சில மோசமாக இருக்கும். இது போன்ற அரங்குகளில் பாதி நிகழ்ச்சிகள் இன்னும் முடியாத வேலைகள். இளைய கலைஞருக்குக் கொஞ்சம் பணமும் ஒத்திகை இடமும் கொடுத்து, வந்ததைக் காட்டச் சொல்வார்கள். அதில் சிலர் இருபது நிமிடம் நின்று தன் வாழ்க்கைக் கதையை வாசித்துவிட்டு, கடைசி இரண்டு நிமிடம் கையை வீசுவார்கள். வலி உண்மையானது என்பதாலேயே நடனம் நன்றாக அமைந்துவிடாது. ஆனால் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆரவாரம் செய்யும், அதில் எனக்கு எரிச்சல் வருவதுண்டு. பாராட்டு மட்டுமே கிடைக்கும் இடத்தில் கலைஞர் வளர்வது கஷ்டம். டிசம்பர் சீசனில் காலை பதினொரு மணிக் கச்சேரிக்கு மாமா மாமிகள் தலையாட்டுவதும் இதே கதைதான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். பிறகு நாலாவதாக ஒருவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு நாற்காலியோடு ஆறு நிமிடம் ஆடுவார். அன்றைக்குப் போனதற்கு அது போதும் என்றாகிவிடும்.

கவுன்டர்பல்ஸில் பர்ஃபார்மிங் டயாஸ்போரா என்று ஒரு திட்டமும் நடந்து வந்திருக்கிறது. மரபுக் கலைகளில் தேர்ந்தவர்கள் அதை வைத்துக்கொண்டே புதிதாக எதையாவது முயல்வதற்கான இடம். உங்கள் மாலை அந்த வகை என்றால் உங்களுக்கு இன்னும் சுலபம். அடவு தெரிந்த கண்ணுக்கு எங்கே உடைக்கிறார்கள் என்பது தெரியும். தமிழ்க் குரல் வேண்டுமென்றால், நடனம் இல்லை, ஆனால் பக்கத்து விஷயம்: கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை டிலோ, திருநர், தனிநபர் நிகழ்ச்சிகள் செய்பவர். தன் அம்மாவாகவே மேடையில் வந்து பேசுவார். அரங்கில் இருக்கும் தமிழர்கள் அத்தனை பேரும் தங்கள் அம்மாவைப் பார்த்த மாதிரி விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க அரசின் கலை நிதி அமைப்பு 1990-ல் நான்கு கலைஞர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட உதவித்தொகையை மறுத்தது. நால்வரில் மூவர் வெளிப்படையான குயர் கலைஞர்கள். 2025 தொடக்கத்தில் அதே அமைப்பு, "பாலினச் சித்தாந்தத்தை" வளர்க்கும் வேலைக்குப் பணம் கேட்கமாட்டோம் என்று விண்ணப்பதாரர்களிடம் உறுதிமொழி கேட்டது. சில நாடக அமைப்புகள் நீதிமன்றம் போயின; அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் பல சின்ன அமைப்புகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கிய தொகையும் ரத்தானது. எனவே நுழைவுச்சீட்டு வாங்கும்போது ஒரே இருக்கைக்கு மூன்று நான்கு விலை போட்டிருப்பதைப் பார்த்தால் குழம்பாதீர்கள். இயன்றதைக் கொடு என்பது ஏற்பாடு. காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நீங்கள் சான் ஹோசேயில் வேலை பார்ப்பதாகச் சொன்னீர்கள். மேல் விலையைக் கொடுங்கள்.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். கழிப்பறை எல்லோருக்கும் பொது, வாசலில் திகைத்து நிற்காதீர்கள். உடம்பில் துணி இல்லாமலும் ஆடுவார்கள், அது சாதாரணம். பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்காதீர்கள். அங்கே வரும் சிலர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சொல்லாமல் வருகிறவர்கள். ஒருவரை எப்படிக் குறிப்பிடுவது என்ற பதற்றம் ஆங்கிலத்தில் பேசும்போது வரும். கேட்டால் சொல்வார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதைத் தமிழில் எனக்கு எழுதும்போது உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. "அவர் வந்தார், அவர் ஆடினார்" என்று எழுதினால் ஆணும் ஆயிற்று, பெண்ணும் ஆயிற்று, இரண்டும் வேண்டாம் என்பவரும் ஆயிற்று.

எட்டு மணி நிகழ்ச்சி என்றால் ஏழரைக்கே போய்விடுங்கள். நேராக உள்ளே போகாமல் டெய்லர் தெரு முனைவரை ஒரு நடை நடந்து, நடைபாதையைக் குனிந்து பாருங்கள். 2006-ல் பதித்த கல் ஒன்று இருக்கும். காபி வீசிய அந்த ராத்திரிக்கானது. அதில் மாதமும் வருடமும்தான் இருக்க முடியும். பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். முன்வரிசை சில சமயம் வெறும் மெத்தைதான்; முட்டி வலி இருந்தால் பின்னால் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.